எண்ணினால் போதுமா? பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பதினொன்றாம் வகுப்புக் கணித, கணினி அறிவியல் பாடநூல்களை எழுதும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நிரல் எழுதுவது என் தொழில். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், ஐந்து எண்களை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் என்று கேட்டால் உடனே 120 என்கிறார்கள். சரி, அந்த 120-ஐயும் ஒன்றுகூட விடாமல் எழுதுங்கள் என்றால் பேனா நின்றுவிடுகிறது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். எண்ணக் கற்றுக்கொடுத்தோம், எழுதக் கற்றுக்கொடுக்கவில்லை.

நாராயண பண்டிதர் 1356-இல் எழுதிய 'கணித கௌமுதி'யில் 'அங்கபாசம்' என்று ஓர் அத்தியாயமே இதற்காக இருக்கிறது. எண்களை முறையாக மாற்றி மாற்றி அடுக்கும் வழியை அதில் தந்திருக்கிறார். வரிசைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிக்கொண்டே போகையில் இன்று நிரலாளர்கள் அடுத்த வரிசையைக் கண்டுபிடிக்கும் முறை அவர் காலத்திலிருந்தே வருவதாகக் கணினி அறிவியலாளர் டொனால்ட் குனுத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

1 3 5 4 2 என்று வைத்துக்கொள்வோம். வலக்கோடியிலிருந்து வாருங்கள்: 2, 4, 5 என்று ஏறுகிறது, 3-இல் இறங்குகிறது. அங்கே நில்லுங்கள். வலப்பக்கத்து 5 4 2 ஏற்கெனவே இறங்குவரிசையில் இருப்பதால் அதை இதற்குமேல் பெரிதாக்க வழியில்லை; 3-ஐத்தான் மாற்றியாக வேண்டும். வலப்பக்கத்தில் அதைவிடப் பெரியவற்றில் சிறியது 4. இரண்டையும் இடம் மாற்றினால் 1 4 5 3 2. அப்புறம் அந்த 5 3 2-ஐத் திருப்பிப் போட்டால் 1 4 2 3 5. இதுதான் அடுத்த வரிசை, நடுவில் எதுவும் விட்டுப்போகவில்லை.

பத்து எண்களுக்கு 36,28,800 வரிசைகள் உண்டு. ஆனாலும் கணினி நினைவில் கையிலிருக்கும் ஒரே ஒரு வரிசை இருந்தால் போதும்! சி பிளஸ் பிளஸ் என்ற நிரல் மொழியோடு வரும் ஆயத்த நிரல்களின் நூலகத்தில் இதற்கென்றே 'நெக்ஸ்ட் பெர்முட்டேஷன்' என்ற செயற்கூறு இருக்கிறது. நான் எத்தனையோ முறை அதை அழைத்திருக்கிறேன். அதன் பழமை தெரியவந்த அன்று உண்மையிலேயே மெய்சிலிர்த்தேன்.

அடுத்த திருத்தப் பதிப்பில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கணித நூலில் கையால் செய்து பார்க்கட்டும், கணினி நூலில் அதையே நிரலாக எழுதட்டும். பயிற்சிக்கு 1 1 2 2 கொடுங்கள். ஒரே எண் திரும்ப வந்தாலும் முறையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை; ஆறே வரிசைகளில் 2 2 1 1-க்கு வந்து நின்றுவிடும்.

அன்புடன்,
ஒரு நிரலாளர்