மலையிறக்கப் பயிற்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியை ஊட்டியிலிருந்து கோவைக்குப் பத்திரமாக இறக்குவது எப்படி என்று மயக்கவியல் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு நடத்திய பயிற்சி நல்லபடியாக முடிந்தது. பாடம் தயாரித்தது மருத்துவர்கள்தான். ஆனால் மாணவர்கள் பேனா எடுத்துக் குறித்துக்கொண்டது பெரும்பாலும் மற்றவர்கள் பேசியபோதுதான். எனவே இந்த மடலும் அவர்களுக்கே.

முதலில் 108 ஆம்புலன்ஸ் ஓட்டும் பைலட்டுகளுக்கு. 2008இல் தமிழ்நாட்டில் இந்தச் சேவை தொடங்கியதிலிருந்து மலைப்பாதையை அறிந்தவர்கள் அவர்கள். ஸ்ட்ரெச்சரில் நோயாளியின் தலை வண்டியின் முன்பக்கம் இருக்கும். பிரேக் அடித்தால் ரத்தம் தலைப்பக்கம் தள்ளப்படும். மண்டைக்குள் அழுத்தம் ஏறும். இறக்கத்தில் தலை ஏற்கெனவே தாழ்ந்துதான் இருக்கும் என்பதால், தலைக்காயக்காரருக்குச் சமதளத்தில் 30 டிகிரி உயர்த்தி வைத்தது மலையில் 30 ஆக இருக்காது. இரண்டாவது கியரிலேயே இறக்கி பிரேக்கை அதிகம் தொடாமல் வருவதையும், கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பின்புறம் குரல் கொடுப்பதையும் செய்து காட்டினார்கள். பெல்ட் போடாமல், நோயாளியின் மூச்சுக்குழாய்க்குள் செருகிய ட்யூபைப் பிடித்தபடி நின்ற மாணவர் உட்காரும்வரை வண்டியை எடுக்க மறுத்த பைலட்டுக்குத் தனி நன்றி. சைரன் போட்டு விரட்டி மிச்சம் பிடிப்பது சொற்ப நிமிடங்கள்தான்.

ஆக்ஸிஜன் ஸ்டோர் ஊழியர்கள் கணக்குப் போட வைத்தார்கள். பி டைப் சிலிண்டரின் கொள்ளளவு 10 லிட்டர். அதை கேஜ் பார் அலகில் காட்டும் அழுத்தத்தால் பெருக்கினால் மீதி வாயு கிடைக்கும்: 150 என்றால் 1,500 லிட்டர், 100 என்றால் 1,000. நோயாளிக்கு நிமிடத்துக்கு 8 லிட்டர், வென்டிலேட்டர் தன் இயக்கத்துக்கு எடுப்பது 2 என்று வையுங்கள். மூன்று மணி நேரத்துக்கு 1,800 லிட்டர். வழியில் மண் சரிந்தாலோ லாரி கவிழ்ந்தாலோ என்று இரட்டிப்பாக்கினால் 3,600. அதாவது நிரம்பிய சிலிண்டர் மூன்று. ஒன்று போதும் என்று கை தூக்கியவர்கள் கையை இறக்கிக்கொண்டார்கள். வால்வைத் திறக்கும் சாவியைச் சிலிண்டரிலேயே கயிற்றில் கட்டிவைப்பது, வாஷர் இருக்கிறதா என்று பார்ப்பது, வால்வை மெதுவாகத் திறப்பது எல்லாம் அவர்கள் கற்றுக்கொடுத்தவை. சாவி கிடைக்காவிட்டால் நிரம்பிய சிலிண்டரும் வெறும் இரும்புதான்.

கஃப், அதாவது காற்று கசியாமல் ட்யூபைச் சுற்றி அடைக்கும் சிறு காற்றுப்பை, பற்றிய பாடம் ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ்களுடையது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் சுமார் 300. இறங்க இறங்கக் காற்றழுத்தம் கூடி, ட்யூபின் கஃபுக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். பக்கவாட்டில் காற்று கசியும், தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்கும், வென்டிலேட்டர் அலறும், எச்சில் நுரையீரலுக்குள் இறங்கும். புறப்படும்போது சரிபார்த்ததோடு விடாமல் குன்னூரிலும் மேட்டுப்பாளையத்திலும் கஃப் மானோமீட்டர் வைத்து 20க்கும் 30 செ.மீ. நீர் அழுத்தத்துக்கும் இடையில் நிறுத்தச் சொன்னார்கள். மலையேறும் வண்டியில் இதே கஃப் உப்பி மூச்சுக்குழாய்ச் சுவரை அழுத்தும். அப்போது காற்றை எடுக்க வேண்டும்.

புறப்படுவதற்கு 15, 20 நிமிடம் முன்பே வார்டிலேயே பயண வென்டிலேட்டருக்கு மாற்றி, ரத்த வாயுப் பரிசோதனை பார்த்து, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃப் அலையோடு ஒப்பிட்ட பிறகே நகர வேண்டும் என்பதையும் பிடிவாதமாகச் செய்ய வைத்தவர்கள் அவர்களே. தலைக்காயத்தில் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 35–40 மி.மீ. பாதரச அழுத்தத்துக்குள் நிற்க வேண்டுமே. நெஞ்சுக்குள் சேரும் காற்றையும் ரத்தத்தையும் வெளியேற்றும் செஸ்ட் டிரெயின் குழாயை கிளாம்ப் போட்டு அடைக்கப் போன கையைத் தட்டிவிட்டதற்கும் நன்றி.

கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் பிரிவினர் முதலில் சொன்னது ஒரே வரி: பச்சை விளக்கை நம்பாதீர்கள். பழைய பேட்டரி முழு சார்ஜ் காட்டிவிட்டுச் சற்று நேரத்தில் படுத்துவிடும். பிளக்கைப் பிடுங்கி ஓடவிட்டு நேரம் பார்த்தால்தான் உண்மை தெரியும். மருந்தை அளந்து செலுத்தும் சிரிஞ்ச் பம்பை உயரத்தில் மாட்டி, பிஸ்டன் கொக்கியில் சரியாக உட்காரவில்லை என்றால், ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் தானாக வழிந்து இறங்கும். பம்ப் நோயாளியின் மட்டத்திலேயே இருக்கட்டும். அடுத்த சிரிஞ்ச் இரண்டாவது பம்பில் பொருத்தித் தயாராக இருக்கட்டும்.

கோவையில் நோயாளியை ஏற்கும் குழுவாக நடித்தவர்களுக்கும் நன்றி. மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். படுக்கை உறுதியா, ஏற்றுக்கொண்ட மருத்துவர் யார் என்பதைப் புறப்படுமுன் எழுதி வாங்க வேண்டும் என்று அடித்துச் சொன்னார்கள். ஒப்படைக்கும்போது ஒருவர் பேச, மற்ற அனைவரும் நோயாளியிடமிருந்து கையை எடுத்துக் கேட்பது என்ற வழக்கத்தை மாணவர்கள் அங்கேதான் பார்த்தார்கள். உறவினராக நடித்து எங்களைத் திணறடித்த அலுவலக ஊழியர்களுக்கும், லிஃப்டைப் பிடித்து வைத்தவருக்கும் எங்கள் வணக்கம்.

நீங்கள் சொன்ன திருத்தங்களைச் செக்லிஸ்டில் ஏற்றிவிட்டோம். சிலிண்டர் சாவி முதல் வரிக்கு வந்துவிட்டது. கஃப் அளவை எழுத மூன்று கட்டங்கள் விட்டிருக்கிறோம். விட்டுப்போனது ஏதும் இருந்தால் அடுத்த அணி வருவதற்குள் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
பயிற்சிக் குழுவினர்