பேசித்தான் தீர்க்கிறார்கள், எங்களைக் கேட்காமல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்கப் பயணக் கட்டுரையில், இங்கே ஒருவர் மேல் கை வைத்தால் மறுநாளே கம்பி எண்ண வேண்டியதுதான், நம் ஊர் மாதிரி பேசித் தீர்க்கிற வேலையெல்லாம் நடக்காது என்று ஒரு வரி வருகிறது. எழுதியவர் மூன்று வாரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனவர். நான் 19 வருடமாகப் புளோரிடாவில் கடைக் கவுன்டரில் நின்று பிழைக்கிறவள். அந்த வரியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன வருடம் ஒரு மாலை, அடையாள அட்டை இல்லாமல் பீர் கேட்டவருக்குக் கொடுக்க மாட்டேன் என்றேன். கவுன்டருக்கு மேலாகக் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். கண்ணாடி வளையல் உடைந்து தோலில் ஏறியது. மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து ஒரு பக்கம் தெறித்துப்போனது. வந்த போலீஸ்காரர் டியூப் லைட் வெளிச்சத்தில் என் கையைத் திருப்பித் திருப்பி நான்கு படம் எடுத்தார். அந்த மனிதரைக் கைது செய்யவில்லை. இன்ன தேதியில் கோர்ட்டுக்கு வா என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

இங்கே அதற்குப் பெயர் பேட்டரி. ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் 'பேட்டரி கேஸ்' என்றபோது, காரில் இருந்து எதையோ திருடிவிட்டார்கள் என்றே நினைத்தார். அடிப்பேன் என்று கையை ஓங்கிப் பயமுறுத்துவது அசால்ட். விருப்பமில்லாதவர் மேல் வேண்டுமென்றே கை பட்டுவிட்டால் பேட்டரி. காயம்கூட வேண்டியதில்லை. புளோரிடா சட்டப்படி ஓராண்டு வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம். அந்த 'வரை'யைத்தான் உங்கள் கட்டுரையாளர் பார்க்கவில்லை. அடிபட்டவர் 65 வயதோ அதற்கு மேலோ என்றால் அதுவே பெரிய குற்றமாகி, பெரிய வழக்குகளை விசாரிக்கும் சர்க்யூட் கோர்ட்டுக்குப் போயிருக்கும். எனக்கு வயது 53. அதனால் சின்ன வழக்குகளுக்கான கவுன்டி கோர்ட்.

மூன்று முறை தேதி தள்ளிப்போனது. மூன்று முறையும் சம்பளம் இல்லாத விடுப்பு. நான்காவது முறை போனபோது ஹால் நிறைய ஆட்கள். பெயர் கூப்பிடுவார்கள், வக்கீல் எழுந்து நாலு வார்த்தை சொல்வார், நீதிபதி தலையாட்டுவார், அடுத்த பெயர். குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் ஆறு பொதுமக்கள் கொண்ட ஜூரி உட்காரும் நாற்காலிகள் காலை முழுவதும் காலியாகவே இருந்தன. 2012-இல் மிசௌரி மாநில வழக்கு ஒன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது: மாநிலக் கோர்ட்டுகளில் தண்டனை பெறுகிறவர்களில் நூற்றுக்கு 94 பேர் விசாரணை இல்லாமல் தாங்களே குற்றத்தை ஏற்றுக்கொண்டவர்கள். பெரும்பாலும் தண்டனை குறையும் என்று அரசு வக்கீலோடு பேசி ஏற்றுக்கொள்வதுதான். இதைப் பேசித் தீர்ப்பது என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது, ஐயா?

என் வழக்கும் அப்படித்தான் முடிந்தது. அரசு வக்கீலும் எதிர்த்தரப்பு வக்கீலும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். 'நோ கான்டெஸ்ட்', அதாவது குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தீர்ப்பை எழுதாமல் நிறுத்திவைப்பது, அதற்கு 'வித்ஹோல்ட்' என்று பெயர். பன்னிரண்டு மாதம் ப்ரொபேஷன், அதாவது ஜெயிலுக்குப் பதில் வெளியிலேயே கண்காணிப்பு, கோபத்தை அடக்க ஒரு வகுப்பு, எங்கள் கடைப்பக்கம் தலைகாட்டக் கூடாது, என் மூக்குக்கண்ணாடிக்கு 240 டாலர். அந்தப் பணம் மாதம் 20 டாலராகக் கோர்ட் அலுவலகம் வழியாக வந்துகொண்டிருக்கிறது. அவர் ஜெயிலுக்குப் போகவேண்டும் என்று நான் ஆசைப்பட்டதே இல்லை. ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "நம்ம ஊர் ஸ்டேஷன்லகூட அடிபட்டவனை உட்கார வெச்சுத்தானடி பேசுவாங்க, உன்னைக் கூப்பிடவே இல்லையா?" என்றார் அம்மா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதே கட்டுரையில் இங்கே புளோரிடாவில் உள்ள பனாமா சிட்டி கடற்கரை மணலைப் பற்றி அரைப் பக்கம். உங்களுக்குத் தெரியாதது இல்லை, வக்கீல் வைக்கக் காசில்லாத கிளாரன்ஸ் கிடியன் தனக்காகத் தானே வாதாடித் தோற்றது அந்த ஊர்க் கோர்ட்டில்தான். சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதி, 1963-இல் உச்ச நீதிமன்றத்தில் அவர் ஜெயித்ததால்தான் ஏழைக்கு அரசு செலவில் வக்கீல் கிடைக்கிறது. ஜெயிலில் போடுவதாக இருந்தால் சின்ன வழக்குகளுக்கும் அது உண்டு என்று 1972-இல் தீர்ப்பானதும் புளோரிடாக்காரர் ஒருவரின் வழக்கில்தான். என்னைப் பிடித்து இழுத்தவருக்கும் அப்படித்தான் வக்கீல் கிடைத்தார். அது நியாயம், அதில் எனக்கு வருத்தமே இல்லை. இத்தனையும் நடந்த ஊரில் உங்களுக்கு மணல்தான் கண்ணில் பட்டதா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சில வருடம் முன்பு உங்கள் பெண்கள் பக்கத்தில், வெளிநாட்டில் கணவன் அடித்தால் 911-ஐ, அதாவது இங்கத்திய போலீஸ் அவசர எண்ணைக் கூப்பிடு, எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அப்போது நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை இரண்டு வரியாக்கிப் போட்டீர்கள். எனக்குத் தெரிந்த தமிழ்ப் பெண் ஒருத்தி 911-ஐக் கூப்பிட்டாள். மறுநாளே மாமியார் ஊரிலிருந்து அழுதுகொண்டு போன் செய்தார், கேஸை வாபஸ் வாங்கு என்று. இவளும் போய்க் கேட்டாள். வாபஸ் வாங்க அது அவள் கேஸ் இல்லை. வழக்கின் பெயரே புளோரிடா மாநிலத்துக்கும் அவள் கணவனுக்கும் என்றுதான் இருக்கும். நடத்துவதா விடுவதா என்பதை அரசு வக்கீல் முடிவு செய்வார். கடைசியில் வித்ஹோல்ட் என்றால் தண்டனை இல்லை என்று நம்பி அவன் கையெழுத்துப் போட்டான். குடியேற்றச் சட்டத்தின் கணக்கில் அதுவும் தண்டனைதான். அதை அவன் தெரிந்துகொண்டது விசா புதுப்பிக்கப் போன இடத்தில். அவள் இருப்பதோ அவன் விசாவை ஒட்டிய விசாவில். நாடு கடத்தப்படும் ஆபத்து இருந்தால் வக்கீல் முன்பே சொல்லியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற பெற்றோர் படிக்கிற பத்திரிகை நீங்களாவது சொல்லியிருக்கலாம்.

எனக்கும் தாமதமாகத்தான் ஒன்று தெரிந்தது. 2018-இல் மக்கள் வாக்களித்துப் புளோரிடா அரசியலமைப்பில் சேர்த்த உரிமை அது. அடிபட்டவர் கேட்டுக்கொண்டால், எதிர்த்தரப்போடு செய்யும் உடன்பாடு பற்றி அரசு வக்கீல் அவரோடு பேச வேண்டும். நீதிபதி முன்னாலும் அவர் தன் மனதில் இருப்பதைச் சொல்லலாம். கேட்டுக்கொண்டால். கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அன்று பின் வரிசையில் உட்கார்ந்து, சொல்ல நினைத்ததை எழுதி வைத்திருந்த தாளைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே இரண்டு வரி: இந்த ஊரில் வழக்கில் சிக்கிய நம் ஆட்கள் எதிலும் கையெழுத்துப் போடும் முன் குடியேற்ற வக்கீலைக் கேட்கட்டும். அடிபட்டவர்கள், 'உடன்பாடு பேசும் முன் என்னிடம் சொல்லுங்கள்' என்று முதல் வாரமே அரசு வக்கீல் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கட்டும். இடம் போதாவிட்டால் என் கதையை வெட்டிவிடுங்கள், இந்த இரண்டு வரியை மட்டும் வெட்டாதீர்கள். பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புளோரிடா