டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொல்வது எந்த விதியில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நர்சிங் சேர்க்கை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். என்ன மதிப்பெண் வேண்டும், பிளஸ் டூவில் எந்தப் பாடம் எடுத்திருக்க வேண்டும், எங்கே விண்ணப்பிப்பது என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. சேர்ந்த பிறகு நடுவில் ஒரு பெண்ணுக்கு உடம்பு முடியாமல் போனால் படிப்பு என்ன ஆகும் என்பது மட்டும் அதில் இல்லை. உங்களைக் குறை சொல்ல முடியாது. கல்லூரிகள் அச்சடித்துக் கொடுக்கும் கையேடுகளிலும் நான் அதைப் பார்த்ததில்லை. அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் சிலர் திடீரென்று வராமல் போவார்கள். கூட வந்தவர்களைக் கேட்டால் "அவ பிரேக் ஆயிட்டா சிஸ்டர்" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இப்போது என் அக்கா மகளுக்கே அது நடந்தது. தனியார் நர்சிங் பள்ளி ஒன்றில் ஜி.என்.எம். என்ற நர்சிங் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. சாயங்காலமானால் காய்ச்சல், விலாவில் வலி, எக்ஸ்ரே எடுத்தால் நெஞ்சில் நீர். கடலூர்க்காரர்கள் எதற்கும் கடைசியில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குத்தானே பஸ் ஏறுவோம். அங்கே பார்த்ததில் நுரையீரல் உறையில் காசநோய் என்று தெரிந்தது. சளியில் கிருமி இல்லை. 6 மாத மாத்திரை: முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று. எல்லாம் இலவசம். சத்துணவுக்கென்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2024 நவம்பருக்கு முன்பு அது 500 ரூபாயாக இருந்தது. சிகிச்சையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். ஆரம்பத்தில் குமட்டல் தாங்க முடியாமல் காலை டூட்டியில் நிற்கவே முடியவில்லை, வீட்டில் இருந்துவிட்டாள். தேறியதும் மருத்துவரிடம் பிட்னஸ் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு போனாள். "அட்டெண்டன்ஸ் போயிடுச்சும்மா. டி.சி. வாங்கிட்டுப் போயிட்டு, உடம்பு நல்லா தேறினதும் அடுத்த வருஷம் திரும்பச் சேர்ந்துக்கோ" என்று சொல்லிவிட்டார்கள். திரும்ப என்றால் முதலாம் ஆண்டிலிருந்து, முழுக் கட்டணத்தோடு. அதை எழுதிக் கொடுங்கள் என்று அக்கா கேட்டதற்கு, எழுதித் தரும் வழக்கம் இல்லையாம்.

சரி, விதி என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த பாடத்திட்டத்தில் மாணவர் நலம் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகள், நோயுற்றால் இலவச சிகிச்சை, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு முழுமையான உடல்நலப் பதிவேடு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு வரி: நீண்டகால நோயுள்ள மாணவரின் பயிற்சியைத் தொடர்வதற்கான அளவுகோலை அந்தந்தப் பள்ளி அல்லது கல்லூரியே முடிவு செய்யும். அளவுகோலை முடிவு செய் என்றுதான் சொல்லியிருக்கிறது. அப்படியானால் அது ஒரு தாளில் இருக்க வேண்டாமா? பிரின்சிபால் அறையில் அன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் வாயில் வருவதெல்லாம் அளவுகோல் ஆகிவிடாது.

வருகைப் பதிவிலும் இதே கதைதான். தேர்வு எழுதத் தியரியிலும் பிராக்டிகலிலும் 80 சதவீதம் வேண்டும். பட்டயமோ பட்டமோ கையில் வருவதற்கு முன் வார்டுப் பயிற்சி 100 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். பிராக்டிகலில் விட்டுப்போன நாட்களைப் பின்னால் ஈடுசெய்யலாம் என்பது இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலேயே இருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங்கில் 4 ஆண்டுப் படிப்பை முடிக்க 8 ஆண்டு வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சேருவதற்கு உச்ச வயது 35. பிளஸ் டூ முடித்து இரண்டு மூன்று வருடம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்த பெண்கூடத் தாராளமாகச் சேரலாம். விதி எழுதியவர்கள் இவ்வளவு இடம் விட்டிருக்கும்போது, விடுப்பு முடிந்து வந்தவளை வாசலிலேயே திருப்பி அனுப்புவது யார் போட்ட சட்டம்?

நோயாளியின் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், நானே முப்பது படுக்கை வார்டில் தனியாக நைட் டூட்டி பார்த்தவள். ஆனால் நோய்க்கு நோய் பதில் வேறு. ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பாதித்த பெண்ணுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. மூச்சு வாங்காதவரை அதற்காக ஒரு மதியம் போகும், அவ்வளவுதான். உலோக வால்வு பொருத்தியிருந்தால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவாள்; வெட்டுக்காயத்தில் அவள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், அவ்வப்போது ரத்தப் பரிசோதனைக்கு விட வேண்டும். இன்சுலின் போடும் பெண்ணை ஆபரேஷன் தியேட்டரில் காலையிலிருந்து சாப்பாட்டுக்கு விடாமல் நிறுத்தினால் மயங்கித்தான் விழுவாள், அது அவள் தப்பில்லை. வலிப்பு நோய்தான் சிக்கலானது. தூக்கம் கெட்டால் பலருக்கு வலிப்பு வரும். எனவே நைட் டூட்டியை எப்படிக் கொடுப்பது, துணைக்கு யாரைப் போடுவது என்று நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சிலரால் உண்மையிலேயே முடியாமலும் போகும். முதுகெலும்பு அறுவை செய்த பெண் நோயாளியைத் தூக்கிப் புரட்டினால் இருவருக்கும் ஆபத்து. அப்போது அதைப் பரிசோதித்த மருத்துவர் காரணத்தோடு எழுதட்டும். எந்தத் தேதியில் மறுபடி பார்ப்போம் என்பதையும் எழுதட்டும்.

ஊனமுற்றோர் ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 5 சதவீதம். ஆனால் பி.எஸ்சி. நர்சிங் விதியில் அது காலில் 40 முதல் 50 சதவீதம் வரை குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும். காசநோய், வால்வு, வலிப்பு எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் வராது. இவர்களை "மருத்துவ ரீதியாகத் தகுதி" என்ற ஒரே வரியை வைத்துத்தான் உள்ளே விடுகிறார்கள் அல்லது வெளியே தள்ளுகிறார்கள். எம்.பி.பி.எஸ். சேர்க்கை வழக்கு ஒன்றில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், குறைபாட்டின் சதவீதத்தை மட்டும் வைத்து ஒருவரை ஒதுக்க முடியாது, அவரால் அந்தப் படிப்பைப் படிக்க முடியுமா என்று வல்லுநர் குழு பார்த்துச் சொல்ல வேண்டும் என்றது. டாக்டர் படிப்புக்குப் பொருந்தும் நியாயம் நர்ஸ் படிப்புக்குப் பொருந்தாதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் சொல்வதாக நினைத்தாலும் பரவாயில்லை. இந்தப் பிள்ளைகளை 18 வயதில் காசநோய் வார்டுக்கும் அவசரப் பிரிவுக்கும் அனுப்புகிறோம். எத்தனை பள்ளிகளில் என்-95 முகக்கவசம் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள்? மூன்று டோஸ் ஹெபடைடிஸ் பி முடிந்ததா என்று பதிவேட்டைப் புரட்டுகிறார்கள்? அக்கா மகளுக்கு நோய் எங்கே வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் வருடாந்தரப் பரிசோதனை என்ற பெயரில் அவளுக்கு எடையும் உயரமும் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். பதிவேடு கேட்டபோது அது இல்லை.

வீட்டுப் பக்கமும் பேச வேண்டும். "சீக்குக்காரப் பொண்ணுக்கு நர்ஸ் வேலை எதுக்கு, பி.காம். சேர்த்துவிடு" என்று எங்கள் சொந்தத்திலேயே சொன்னார்கள். கல்யாணப் பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கும், காசநோய் என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார் ஒரு பெரியம்மா. அக்கா அசையவில்லை. டி.சி. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாமல், மருத்துவச் சான்றுகளோடு எழுத்தில் மனு கொடுத்தாள். பதிலும் எழுத்தில் வேண்டும் என்றாள். கொஞ்ச நாள் இழுத்தடித்துவிட்டு, ஜூனியர் பேட்சோடு இரண்டாம் ஆண்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரு வருடம் போனது போனதுதான், முதலாண்டுக் கட்டணமாவது தப்பியது. வாய்மொழியாகச் சொன்னபோது இல்லாத வழி, மனு கொடுத்ததும் எங்கிருந்து வந்தது என்று அக்கா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

2023-இல் நாடாளுமன்றம் தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி (பேறுகாலப் பணி) ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் கீழ் விதிகள் எழுதும்போது, அந்தந்தக் கல்லூரி முடிவு செய்யும் என்ற வரியோடு, முடிவு செய்ததை அச்சிட்டுச் சேர்க்கையின்போதே கையில் கொடுக்க வேண்டும் என்று இன்னொரு வரியைச் சேர்த்தால் போதும். அதுவரை தமிழக அரசும் புதுச்சேரி அரசும் ஒரு சுற்றறிக்கையில் இதைச் செய்யலாம், பணம் எதுவும் செலவாகாது. கடலூரில் வீடும் புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் கல்லூரியுமாகத் தினம் போய்வருகிற பிள்ளைகளுக்கு இரண்டு அரசும் ஒரே மாதிரி சொன்னால்தான் பயன்.

இப்போது இந்த நிலையில் மகளை வைத்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு: விடுப்பு எடுக்கும் அன்றே மருத்துவச் சான்றோடு கடிதம் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். மாத்திரை அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தூக்கிப் போடாதீர்கள். எத்தனை மணி நேரப் பயிற்சி முடிந்திருக்கிறது என்று டியூட்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கல்விக் கடன் இருந்தால் வங்கிக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். படிப்பு தள்ளிப்போனால் தவணை ஆரம்பிக்கும் காலத்தைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். கேட்காவிட்டால் பழைய தேதியிலேயே தவணை கேட்டு நோட்டீஸ் வந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
புதுப்பாளையம், கடலூர்.