தலையில் அடிபட்டவனை அன்றைக்கே மறுபடி இறக்காதீர்கள்

குமரி மேற்குக் கடற்கரை ஊர்களில் திருவிழாக் கால்பந்துப் போட்டி நடத்தும் கழகங்களின் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். அன்றைய காலிறுதியில் கோல் கம்பத்தடியில் என் தலையில் அடிபட்டது உங்களுக்குத் தெரியும். முகத்தில் தண்ணீர் தெளித்து, "ஒண்ணும் இல்ல மக்கா, எழும்பு" என்று என்னை நிறுத்தினீர்கள். மீதி 20 நிமிடமும் நான்தான் கோல் காத்தேனாம். எனக்கு நினைவில்லை, வீடியோவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பெனால்டி ஒன்றைத் தடுத்ததும் என்னைத் தூக்கிக் கொண்டாடுகிறீர்கள். அந்த வீடியோவில் தயவுசெய்து என் முகத்தைப் பாருங்கள். எந்த மைதானத்தில் இருக்கிறான் என்றே தெரியாதவனின் முகம் அது.

இது 11-வது வாரம்.

சி.டி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதால் ஊரில் பலர் என்னை நம்புவதில்லை. எலும்பு உடையவில்லை, ரத்தம் கசியவில்லை என்பதைத்தான் ஸ்கேன் சொல்லும், மூளை குலுங்கி அதன் வேலை தடுமாறுவது அதில் தெரியாது என்றார் டாக்டர். பெரியவர்களில் பெரும்பாலானோர் இரண்டு வாரத்தில் தேறிவிடுவார்களாம். நான்கு வாரம் தாண்டியும் தொல்லை விடாத சிலரில் நான் ஒருவன். அடிபட்ட பிறகும் தொடர்ந்து ஆடினால் தேறுவதற்கு நாள் கூடும் என்றும் சொன்னார். அந்த 20 நிமிடம்தான் எனக்கு நினைவு வந்தது.

தலைவலி, தூக்கமின்மை, மறதி எல்லாம் இருக்கிறது. ஆனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பள்ளி விடுமுறையிலேயே அப்பாவின் வள்ளத்தில் ஏறத் தொடங்கியவன் நான். ஆடி மாதத்து அலையிலும் எனக்குக் குமட்டியதில்லை. இப்போது முற்றத்தில் குனிந்து செருப்பை எடுத்தால் தரை சாய்கிறது. ஏழாவது வாரத்தில், யார் தடுத்தும் கேளாமல் கடலுக்குப் போனேன். எஞ்சின் சத்தம் மண்டைக்குள் இடித்தது. விடிந்ததும் தண்ணீரில் பட்டுத் தெறித்த வெயிலுக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. மற்றவர்கள் வலை இழுக்கையில் நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சுருண்டு கிடந்தேன். என் கைக்கும் சேர்த்து அப்பா இழுத்தார். பாதியிலேயே வள்ளத்தைத் திருப்பினார்கள். நான்கு வீட்டுக்கு அன்று மீன்பாடு இல்லை. கரையில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அப்பா மட்டும் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார், சின்னப் பிள்ளையை இறக்குவதுபோல.

உங்களில் இரண்டுபேர் வீட்டுக்கு வந்தீர்கள், நன்றி. ஆனால் வந்து கேட்டது, அடுத்த போட்டிக்கு எப்போது வருவாய் என்றுதான்.

காலில் சதை பிடித்தால் நாலுபேர் ஸ்ப்ரேயோடு ஓடி வருகிறீர்கள், "ஓரமா உட்காரு" என்கிறீர்கள். தலையில் பட்டால் மட்டும் "எழும்பு" என்கிறீர்கள். ஃப்ளட்லைட்டுக்கும் வெடிக்கும் மைக் செட்டுக்கும் காசு பிரிக்க முடிகிறது, முதலுதவி தெரிந்த ஒருவரை மைதானத்தில் நிறுத்த முடியாதா? மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபிக்கு ஆட்டக்காரர்களை அனுப்பிய கரை இது. அவர்கள் பெயரைச் சொல்லித்தான் சின்னப் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளின் தலைக்கு யார் பொறுப்பு? எனக்கு அடுத்து கோல் நிற்கப்போகிறவன் என் தம்பி. அவனுக்கு வயது 15. முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி பட்டால் மூளை வீங்கி உயிரே போகலாம். அது அரிதுதான், ஆனால் நடந்திருப்பது பெரும்பாலும் இளவயதுப் பிள்ளைகளுக்கு.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். தலையில் அடிபட்டவரை அன்றைக்கே மறுபடி இறக்காதீர்கள். சந்தேகம் இருந்தாலும் இறக்காதீர்கள். அவரே கெஞ்சினாலும் இறக்காதீர்கள், அந்த நேரத்தில் அவர் பேச்சை நம்ப முடியாது. ஆள் குறைந்துவிடும் என்ற கவலையும் வேண்டாம். இப்படி அடிபட்டவருக்குப் பதிலாகக் கூடுதலாக ஒரு மாற்று ஆட்டக்காரரை இறக்க, போட்டி நடத்துபவர்கள் விரும்பினால் அனுமதிக்கலாம் என்று 2024 ஜூலையிலிருந்து கால்பந்து விதிப்புத்தகமே சொல்கிறது. பிறகு டாக்டர் சரி சொன்ன பின், நடை, ஓட்டம், பந்துப் பயிற்சி என்று படிப்படியாகத்தான் ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். நான் இன்னும் முதல் படியில், மாலையில் கடற்கரையோரம் நடந்துகொண்டிருக்கிறேன்.

ஒரு நேரத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் எழுத்தைப் பார்க்க முடியாததால், இந்த மடலை எழுதி முடிக்க ஐந்து நாள் ஆயிற்று. அடுத்த திருவிழா நோட்டீஸில் போட்டி விதிகளோடு இந்த ஒரு வரியையும் அச்சடியுங்கள். அதற்காகக் கூட்டம் கூட்டினால் நானும் வந்து பேசுகிறேன். மைக் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கோல்கீப்பர்