இல்லாதவரிடம் எதற்கு அபராதம்?

ஆசிரியருக்கு,

கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பொதுத்துறை வங்கிகள் 2019-20 முதல் 2023-24 வரை பிடித்த அபராதம் சுமார் 8,500 கோடி ரூபாய். இதை நாடாளுமன்றத்தில் சொன்னதே மத்திய அரசுதான். எங்கள் தெருவில் பூ விற்கும் அம்மா பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வந்து காட்டினார், கேஸ் மானியம் வரவான வரிக்குக் கீழேயே அபராதம், அதற்கு ஜிஎஸ்டி வேறு! பணம் இல்லாததற்குத் தண்டமாம், பார்த்தாலே வயிறு எரிகிறது.

ஸ்டேட் வங்கி 2020லும், கனரா, இந்தியன் வங்கிகள் 2025லும் இதைக் கைவிட்டன. சரி, நல்லதுதான், ஆனால் அதெல்லாம் அந்தந்த நிர்வாகத்தின் மனசு, நாளைக்கே மாறலாம். ரிசர்வ் வங்கி ஆளுநரோ, குறைந்தபட்ச இருப்பை வங்கிகளே முடிவு செய்யலாம் என்று 2025 ஆகஸ்டில் கைகழுவிவிட்டார். அவர்கள் விதி போடாவிட்டால் வேறு யார் போடுவது?

அப்புறம், இருப்பே தேவைப்படாத அடிப்படை சேமிப்புக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு. ஆனால் கவுன்டரில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கிளை வாசலில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், முதலில் அதையாவது செய்யட்டும்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்