சூத்திரத்தோடு ஊரையும் படிக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகள் பி.ஏ. பொருளாதாரம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். தரவைப் புள்ளியியல் கொண்டு அலசும் பொருளாதார அளவியலில் சூத்திரங்களை மனப்பாடம் செய்கிறாளே தவிர, உண்மையான தரவு ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. பார்க்க வருத்தமாக இருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-லேயே மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் பற்றி விசாரித்து எழுதச் சொன்னார். எங்கள் விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு அப்படி ஆராயப்பட்ட ஊர்தான்; பிற்கால ஆய்வாளர்களும் அங்கே திரும்பத் திரும்பப் போனார்கள்.

இன்று வசதி அதிகம். மத்திய அரசு 2017-ல் தொடங்கிய, வேலைவாய்ப்பு நிலவரத்தை அளக்கும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் தரவு இணையத்தில் இலவசம், அலசிப் பார்க்க ‘ஆர்’ மென்பொருளும் இலவசம். அப்புறம் என்ன தடை? பல்கலைக்கழகங்கள் கடைசிப் பருவத்தில் ஒரு பாடத்தையாவது கள ஆய்வுக்கு ஒதுக்கி, எழுத்துத் தேர்வுக்குப் பதில் ஆய்வறிக்கைக்கு மதிப்பெண் கொடுக்கட்டும்.

– ஒரு தந்தை, திண்டிவனம்