நவம்பர் ஒன்றுக்குள்

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ போனை எடுக்கவில்லை என்பதற்காக இல்லை, படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்வானேன் என்றுதான். சாப்பிடுகிறாயா? ராத்திரி இரண்டு மணிக்கும் உன் அறையில் விளக்கு எரிகிறதாம்.

அமெரிக்காவில் அந்தக் கார்னெல் காலேஜுக்கு எழுதிய கட்டுரையை அம்மா அனுப்பினாள். அவளைக் கோபிக்காதே, நான்தான் நச்சரித்தேன். இங்கிலீஷ் பிரமாதம். என் ஆபீஸில் இப்படி எழுத ஒருத்தருக்கும் வராது. ஆனால் படித்து முடித்தும் எழுதியது யார் என்று தெரியவில்லை. நீர் மேலாண்மையில் தீராத ஆர்வமாம், உலகத்தரமான பேராசிரியர்களாம். காலேஜ் பெயரை மாற்றிவிட்டு வேறு எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். கன்சல்டன்ட் கை பட்டதா என்று நான் கேட்கவில்லை.

2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு கிடந்தபோது, சம்ப்பில் ஒட்டடைக் கம்பை விட்டு அளந்து நோட்டில் எழுதினாயே, அது எங்கே போனது? லாரிக்காரர் பாதி லோடு இறக்கிவிட்டு முழுக் காசு வாங்குகிறார் என்று அந்த நோட்டை வைத்துத்தானே பிடித்தாய்? செகரட்டரி மாமா கத்திய கத்தலில் லிஃப்டுக்குள் நீ ஒட்டிய தாளைக் கிழித்தே விட்டார். மறுநாளே இன்னொன்று ஒட்டினாய். பதினொரு வயசு உனக்கு! இங்கே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் தெரியுமா. அதை எழுது. கம்பில் எங்கே கோடு போட்டாய், எப்படி லிட்டர் கணக்காக்கினாய், அதை எழுது. ஆர்வம் இருக்கிறது என்று தனியாகச் சொல்லவே வேண்டாம். எல்லாக் காலேஜுக்கும் போகிற 650 வார்த்தைப் பொதுக் கட்டுரையில் ஆச்சி வந்துவிட்டாள், சரி. இங்கேயும் அவளை இழுக்காதே.

அந்தக் காலேஜ் ஏன் என்பதற்கும் அப்படித்தான். நானும் தேடிப் பார்த்தேன். 2000லிருந்து பக்கத்துக் கயூகா ஏரியின் அடியாழத்துத் தண்ணீரை வைத்துத்தான் கேம்பஸைக் குளிர்விக்கிறார்கள். ஏரித்தண்ணீர் கட்டடத்துக்குள் போவதில்லை. குளிர்ச்சியை இன்னொரு குழாய்த் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு ஏரிக்கே திரும்புகிறது. திரும்பும் தண்ணீர் கொஞ்சம் சூடேறித்தானே போகும்? ஏரிக்கு என்ன ஆகும்? சம்ப்பை அளந்த பிள்ளைக்குக் கேட்க எதுவும் இருக்காதா? அப்பா சொன்னேன் என்பதற்காக எழுதாதே. உனக்கே தோன்றினால் எழுது. ஆனால் கம்பை எழுது.

கார்னெல் இருக்கிற இதாகாவில் பனி கொட்டுமாம். உனக்கு டிசம்பர் சென்னையே ஆகாது.

முன்கூட்டியே விண்ணப்பிக்கிற இந்த எர்லி டிசிஷனில் இடம் கிடைத்தால் மற்ற காலேஜையெல்லாம் விட்டுவிட வேண்டும். அதற்குப் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். அம்மாவிடம் கேட்டிருக்கிறாய். ஒருவர் போட்டால் போதும்தான், தப்பில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை சுலபத்தில் கிடைக்காது, அப்பா பணத்தைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தாயோ என்னவோ. வள்ளியூர் மனை விஷயமாகச் சித்தப்பாவிடம் பேசியாயிற்று. அது உன் கவலை இல்லை. நவம்பர் ஒன்றாம் தேதிக்குக் கட்டுரை போய்ச் சேர வேண்டும், அதை மட்டும் பார்.

அம்மாவே கையெழுத்து போடட்டும். என்னுடையது வேண்டுமென்றால் எனக்கு அனுப்பு. வெள்ளி, சனி இரண்டு நாளும் மஸ்கட்டில் லீவுதான், ரூமில்தான் இருப்பேன்.

அப்பா